வண்டிக்கா, வீட்டுக்கா?

சாலைக் கடைத்தெருவில் மின்சாமான் விற்கும் கடை ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். சாதாரணக் கேள்விதான். "மல்ட்டிமீட்டர் வண்டிக்கோ, வீட்டுக்கோ சேச்சி?" கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார். நான் "ரெண்டுக்கும்" என்றேன். பக்கத்தில் நின்ற சித்தப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அவர் ஏன் குனிந்தார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். எங்கள் குடும்பம் ரொம்ப வருஷமாகவே இப்படித்தான். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

கரண்டை அளக்கிற அந்த மீட்டரை வாங்க வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஸ்கூட்டர் சில நாளாகக் காலையில் இருமிவிட்டுத்தான் கிளம்பியது. பேட்டரி சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. அதற்காக மட்டும் நான் மீட்டர் வாங்கியிருக்க மாட்டேன். போன வாரம் என் மகள் துணி போட்டுவிட்டு வந்து, "அம்மா, வாஷிங் மெஷின் தொடும்போ ஒரு தரிப்பு" என்றாள். தரிப்பு என்றால் கை மரத்துச் சுறுசுறுவென்று எறும்பு ஊர்வது போல இருக்குமே, அது. அவள் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் வீட்டில் தமிழ் அவளோடு நின்றுவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். கேட்டால் புரியும், பேசினால் மலையாளம். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்து ப்ளக்கை உருவி எறிந்தேன். எறிந்த வேகத்தில் சோப்புப் பொடி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் நீலம். மகள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றார், வரவில்லை. அவர்கள் குலத்தொழில் அதுதான். அந்த இடைவெளியில் கைபேசியில் மீட்டர் தேட ஆரம்பித்தேன். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு என்று வரிசையாக வந்தது. ஒன்று தானாகவே ரேஞ்ச் மாற்றிக்கொள்ளுமாம். ஒன்று கம்பியைத் தொடாமலே கரண்ட் இருக்கிறதா என்று சொல்லுமாம். ஒன்று கீழே விழுந்தாலும் உடையாதாம், அதை நிரூபிக்க மாடியிலிருந்து போட்டுக் காட்டுகிறார்கள். நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவளுக்கு ஒரு மீட்டரைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. கடைசியில் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

சித்தப்பா என்றால் அப்பாவின் ஒரே தம்பி. தம்பானூரில் டாக்ஸி ஸ்டாண்டில் அம்பாசடர் ஓட்டியவர். சித்தி மலையாளி. இப்போது இருவரும் நெய்யாற்றின்கரைப் பக்கம் சித்தியின் வீட்டோடு இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஓணத்துக்கு நான் போய்ப் பார்ப்பேன், அவ்வளவுதான் போக்குவரத்து. முதலில் "நீயே ஆரையாவது கூப்பிட்டுப் பாத்துக்கிடு மக்ளே" என்று நழுவினார். வாஷிங் மெஷின், தரிப்பு என்றதும் "ப்ளக்க உருவிட்டியா?" என்றார். உருவிட்டேன் என்றேன். வேறு ஏதோ பேசிவிட்டு மறுபடியும், "ப்ளக்க உருவிட்டேல்லா?" என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து தம்பானூரில் இறங்கி நின்றார்.

அந்தக் கடையில் புதுப் பிளாஸ்டிக் வாடை. மீட்டரை உறையிலிருந்து எடுத்ததும் குப்பென்று வந்தது. எங்கள் பழைய மீட்டருக்கு வேறு வாடை. அது பாதி நேரம் எங்கள் வீட்டு அலமாரியிலும் பாதி நேரம் சித்தப்பாவின் வண்டி டிக்கியிலும் கிடந்ததால், அதன் தோல் உறையைத் திறந்தால் பாச்சை உருண்டையும் பேட்டரி ஆசிடும் கலந்து அடிக்கும். கறுப்பு உடம்பு, கண்ணாடிக்குள் ஒரு முள், நடுவில் ஒரு திருகு. திருகின் ஒரு பாதி வீட்டுக் கரண்டுக்கு, மறு பாதி வண்டிக் கரண்டுக்கு. வீட்டுப் பக்கம் அப்பா பச்சைப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்திருந்தார். வண்டிப் பக்கம் சித்தியின் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு. ஒருமுறை அப்பா திருகைப் பார்க்காமல் சுவர் ப்ளக்கில் கம்பிகளைச் சொருகி, உள்ளேயிருந்து புகை வந்தது. ரிப்பேர் செய்து வந்த பிறகும் அந்த முள் பூஜ்யத்துக்கு வந்து நிற்காது. விரலால் ஒரு தட்டுத் தட்டவேண்டும். அதற்கப்புறம்தான் பொட்டு வைத்தது.

அதை வாங்கப் போனதும் இதே கடைத்தெருதான். அப்பா ஒரு அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பம், கரமனையில் வாடகை வீடு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கடைக்குப் போயிருக்கிறார்கள். கடைக்காரர் வண்டிக்கா வீட்டுக்கா என்று கேட்டிருக்கிறார். ஒரே நேரத்தில் அப்பா "வீட்டுக்கு" என்றாராம், சித்தப்பா "வண்டிக்கு" என்றாராம். கடைக்காரர் சிரித்துவிட்டாராம். அப்பா இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார், ஒவ்வொரு தடவையும் புதுசு போலச் சிரிப்பார். அந்த மீட்டர் அப்படித்தான் இரண்டு பேருக்கும் பொதுவாயிற்று.

பொதுச் சாமான் ஒன்று இருந்தால் அதன் பின்னாலேயே ஆளும் வரும். மீட்டரை எடுக்க சித்தப்பா வருவார். எடுக்க வந்தவரை அம்மா சும்மா விடமாட்டாள். கைச்சுத்து முறுக்கு ஒரு தட்டு வந்துவிடும். அச்சில் பிழிகிற முறுக்கு இல்லை. மாவை விரல் நுனியில் முறுக்கி முறுக்கிச் சுற்றுவது. அம்மா சுற்றினால் வட்டம் ஒரே அளவாக இருக்கும். சித்தப்பா தின்றுகொண்டே, "மைனி, இதுக்காகத்தான் வண்டியில கோளாறே வருது" என்பார். மீட்டரைத் திருப்பிக் கொடுக்க வருவார், அதற்கும் முறுக்கு. மறந்துவிட்டு வந்தால் அதைச் சொல்லப் போன், போனில் அரை மணி நேரம். அப்பா தம்பியை "லேய்" என்றுதான் கூப்பிடுவார். லேய் என்ற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அவர்கள் பேச்சைப் பற்றியும் சொல்லவேண்டும், கதைக்கு அது வேண்டியிருக்கிறது. சித்தப்பாவுக்கு வீட்டிலும் மலையாளம், ஸ்டாண்டிலும் மலையாளம். ஆனால் அண்ணனிடம் வந்தால் விடாப்பிடியாகத் தமிழ். மலையாளம் கலந்துவிடக்கூடாது என்று நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அப்பாவுக்கோ நேர்மாறு. நாள் முழுக்க ஆபீஸில் மலையாளம் கேட்டுப் பழகிய காது. தம்பி என்ன சொன்னாலும் 'அவன் மலையாளத்துக்காரன்லா' என்று மலையாளத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்வார். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எங்களுக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

சிரிப்பு என்றதும் திருநெல்வேலி அத்தை ஞாபகம் வருகிறாள். அவள் கணவருக்குக் காய்ச்சல் கண்டு இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலையில் அத்தை நர்ஸிடம் எப்படி இருக்கிறது என்று கேட்க, நர்ஸ் மலர்ந்த முகத்தோடு "குறவுண்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மலையாளத்தில் அதற்கு, நோய் குறைந்திருக்கிறது, தேவலை என்று அர்த்தம். அத்தை காதில் அது 'குறை உண்டு' என்று விழுந்தது. குறை உண்டு என்று சொல்லிவிட்டு ஒருத்தி சிரித்துக்கொண்டே வேறு போகிறாளே என்று அத்தை வராந்தாவில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்துவிட்டாள். மாமா உள்ளேயிருந்து எழுந்து வந்து அவளைச் சமாதானம் செய்யவேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இதைச் சொல்லிச் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார், சித்தப்பாவும் சிரித்தார். அந்த ஒரு சொல்லில் இரண்டு அர்த்தம் உண்டென்று எங்கள் வீட்டில் அறியாதவர் கிடையாது. அப்படியிருந்தும் நடந்தது.

நான் கழக்கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கி கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அம்மா ஒருநாள், கதவைத் திறக்கையில் கை சுள்ளென்கிறது என்றாள். அப்பா, மீட்டர் தம்பியிடம் இருக்கிறது, வரச்சொல்கிறேன் என்றார். அம்மா மறுநாள் நாகர்கோவிலில் ஒரு புது வீட்டுப் பாலுகாய்ச்சுக்கு, கிரகப்பிரவேசத்துக்குப் போகவேண்டியிருந்தது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். சித்தப்பா சவாரிக்கு நடுவே வந்து, ஆளில்லாத வீட்டைத் திறந்து ஃப்ரிட்ஜைச் சோதித்துவிட்டு, தம்பானூரில் ஒரு பூத்திலிருந்து அப்பாவின் ஆபீஸுக்குப் போன் செய்தார். ஆபீஸ் போன் சூப்பிரண்டின் மேசையில் இருந்தது. சொந்த விஷயம் பேசினால் சூப்பிரண்ட் பேனாவை வைத்துவிட்டுக் கூரையைப் பார்ப்பாராம். அதனால் அப்பா போனில் எப்போதும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் நான் வீட்டில் இருந்தேன். அம்மா ஊரிலிருந்து வந்து பையை இறக்கி வைத்ததும், ஃப்ரிட்ஜை வந்து பார்த்தானா என்று கேட்டாள். அப்பா சட்டையைக் கழற்றி மாட்டியபடி, "பாத்துட்டான். கொறவுண்டுன்னு சொன்னான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி முழுசாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அம்மா நிம்மதியாகக் காப்பி போடப் போனாள். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை அம்மா அடுக்களையைக் கழுவிவிட்டு, ஈரக்காலோடு பால் எடுக்கப் போனாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் தலைவாரிக்கொண்டிருந்தேன். தொப்பென்று சத்தம் கேட்டு ஓடினால், அம்மா சுவரோரம் கிடக்கிறாள், பால் தரையெல்லாம் ஓடுகிறது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் அவளைத் தூக்கி எறிந்ததால் பிழைத்தாள் என்றார் டாக்டர். ஆனால் விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தபோது கை கோணலாகச் சேர்ந்திருந்தது. விரல்கள் மடங்கும், முறுக்கத் தெம்பு இருக்காது. சோறு பொங்கினாள், துணி மடித்தாள், என்னைத் திட்டும்போது அந்தக் கோணல் கையைத்தான் நீட்டுவாள். முறுக்கு மட்டும் பிறகு கடையில் வாங்கினோம்.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. போடவில்லை. அப்பா ஒருநாளும் ஒரு சொல் குற்றமாகச் சொன்னதில்லை. சித்தப்பாவும் வாயைத் திறந்ததில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டில் காலருகே அவர் நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். வீட்டுக்கு வந்தபோது மீட்டரைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார், பிறகு அதைக் கேட்டு வரவேயில்லை. அப்பா 'லேய்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, "வா தம்பி, இரு" என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். மீட்டருக்குள் கிடந்த செல் கசிந்து, பச்சையாகப் பூத்து, ஒரு வெள்ளையடிப்பின்போது அது குப்பையோடு போயிற்று. அம்மா ஒரே ஒருமுறை சொன்னாள். "ஷாக்கடிச்சது எனக்கு. கருகிப் போனது இவங்க ரெண்டு பேருமா?"

எனக்குள் நான் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். சித்தப்பா சவாரி அவசரத்தில் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, குறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அப்பா பெருந்தன்மையாகத் தம்பியைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார். இதுதான் என் தீர்ப்பு. அப்பாவும் அப்படித்தான் நினைத்தார் என்று இப்போதும் நம்புகிறேன். தம்பி சொன்னதை நம்பி மறுபேச்சில்லாமல் போனை வைத்தோமே என்று தன்னைத்தான் நொந்துகொண்டார். என் கல்யாணத்தில் சித்தப்பா வாசலில் நின்று வண்டிகளை ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தார். மணமேடைக்கு வாருங்கள் என்று நான் ஆள் அனுப்பவில்லை. அப்பா இறந்த அன்றும் அவர் வண்டியருகேதான் நின்றார். பிறகு அம்மாவும் போனாள். என் தீர்ப்பு மட்டும் பத்திரமாக இருந்தது.

கடைக்கு வருவோம். கடைக்காரர் இரண்டு மூன்று மீட்டர்களைப் பரப்பினார். வண்டிக்கு மட்டுமென்றால் இந்தச் சின்னது போதும், பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட்தான், தப்பாகத் தொட்டாலும் ஆளை ஒன்றும் செய்யாது என்றார். சுவர் ப்ளக்கில் வைப்பதென்றால் கம்பிமுனையில் விரல் வழுக்காத தடுப்பும், உள்ளே நல்ல ஃப்யூஸும் உள்ளதை எடுக்கவேண்டும், அங்கே சிக்கனம் பார்க்கக்கூடாது என்றார். திருகை மாற்ற மறந்தால் எரிந்துபோகுமா என்று கேட்டேன். தானாகவே ரேஞ்ச் மாற்றிக்கொள்வதும் உண்டு என்று ஒன்றை நீட்டினார். சித்தப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள் இல்லாத கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பழைய பழக்கம். கடைக்காரர், "ஒண்ணு உண்டு அங்கிள், டிஜிட்டல்ல ஒண்ணுமே இல்லாத ஒயரிலயும் செலப்போ வோல்ட்டேஜ் காட்டும். கோஸ்ட்டு, பேய்னு சொல்லுவோம்" என்றார். அதைத் தவிர்க்க ஒரு பொத்தான் இருக்கிற மீட்டரையே வாங்கினோம். சித்தப்பா, இல்லாததைக் காட்டுமா, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஸ்கூட்டர். பேட்டரி போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பிறகு வாஷிங் மெஷின். சித்தப்பா ரப்பர் செருப்பு கேட்டார். என் மகளின் ரோஸ் கலர் செருப்பைத்தான் கொடுக்க முடிந்தது. அதை மாட்டிக்கொண்டு, எங்களை அடுக்களைப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, ப்ளக்கைச் சொருகி மெஷின் உடம்பில் ஒரு கம்பியும் எர்த்தில் ஒரு கம்பியுமாக வைத்துப் பார்த்தார். உடனே சுவிட்சை அணைத்தார், ப்ளக்கை உருவினார், உருவிய ப்ளக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ப்ளக்குக்குள் எர்த் கம்பி கழன்றிருக்கும், முடுக்கினால் சரியாகிவிடும் என்றார். ஆனால் முடுக்க எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கும் இத உருவிப் போட்டிருக்கலாம் மக்ளே" என்றார். ஃப்ரிட்ஜுக்குள் பாலும் மாவும் நிறைய இருந்ததாம். அண்ணன் வீட்டுச் சாமானை அண்ணனிடம் கேட்காமல் எப்படி அணைப்பது, சொன்னால் அவனே வந்து அணைத்துவிடுவான் என்று நினைத்தாராம். மீட்டரையாவது அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம், அதையும் எடுத்துக்கொண்டு சவாரிக்கு ஓடினேன் என்றார்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்றே சொல்லவேண்டும். ஆபத்து என்று தெரிந்திருந்தும் அப்பாவிடம் குறைந்திருக்கிறது என்றா சொன்னார் என்று தோன்றியது. போனில் அப்பாவிடம் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை.

"வெவரமாத்தான் சொன்னேன். 'கொறையுண்டு'ன்னேன். கேடாக்கும்னு சொல்ல வாயில வந்துது. அது மலையாளம்லா, அண்ணன்ட்ட தமிழ்லதான் சொல்லணும்னு மாத்திச் சொன்னேன். செரின்னு வச்சிட்டான். ஆபீஸ் வெப்ராளத்துல, அவசரத்துல மறந்திருப்பான் பாவம். மைனி முன்னால அதச் சொன்னா அவனக் குத்தம் சொன்னமாதிரி ஆயிரும்னு நான் மூச்சு விடல்ல."

தம்பானூர் பஸ் இரைச்சலுக்கு நடுவே, ஒரு பூத்துக்குள் நின்று, அண்ணனுக்காகத் தமிழைத் தேடிப்பிடித்து 'கொறையுண்டு' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சூப்பிரண்டின் மேசையருகே குனிந்து நின்று, தம்பிக்காக அதை மலையாளமாக்கி 'கொறவுண்டு' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு எழுத்துதான் வித்தியாசம். அத்தையின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த வீடு இது. அத்தைக்கு நடந்ததே தலைகீழாக எங்களுக்கும் நடந்திருக்கிறது. இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொன்னால், தமிழில் சொன்னதுதான் வினையாயிற்று என்று அந்தக் கிழவர் இன்னொரு பாரத்தைத் தூக்கிக்கொள்வார். சொல்லாவிட்டால், அப்பா தம்பி சொன்னதை மறந்துபோன மனிதராகவே அவர் மனசில் இருப்பார். என் தீர்ப்பும் அப்படியே இருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டியபடி அப்பா சொன்ன வார்த்தையை, அவர் சொன்ன மாதிரியே சொன்னேன்.

சித்தப்பா கையிலிருந்த ப்ளக்கைத் தரையில் வைத்தார்.

"அப்ப அண்ணன் மறக்கல்ல."

"இல்ல சித்தப்பா."

"நான் அவன மன்னிச்சிட்டுல்லா இருந்தேன் மக்ளே, இத்தன காலமும். ஒண்ணும் செய்யாதவன."

அவர் அழுதார். சத்தமில்லாமல், ரோஸ் கலர் செருப்போடு, ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். அவரை வாசலிலேயே நிற்க விட்ட என் கல்யாணத்தை நினைத்து அழுதேன். அப்பாவும் இவரை மன்னித்துக்கொண்டேதான் செத்துப்போனார். இல்லாத குற்றத்துக்கு இரண்டு பேரும் ஒருவரையொருவர் மன்னித்து, அந்த மன்னிப்பு தெரிந்துவிடக்கூடாது என்று முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். நான் அவருக்கு மன்னிப்புகூடக் கொடுத்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்புளி கேட்டார். எர்த் கம்பியை முடுக்கினார். மறுபடி சொருகி, மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தது போதாதென்று இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். என் மகள் அறைவாசலில் வந்து நின்றாள். நான் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"குழப்பமில்ல" என்றார் சித்தப்பா.

மலையாளத்தில் அதற்கு, ஒன்றும் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். நாளுக்கு நூறு தடவை எல்லாரும் சொல்வதுதான். தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சித்தப்பா, இப்பச் சொன்னது தமிழா, மலையாளமா?"

அவர் என்னைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு வந்தது, அழப்போகிறார் என்று பயந்தேன். சிரித்தார்.

"ரெண்டும்தான் மக்ளே."

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். என் மகள் எங்களை மாறி மாறிப் பார்த்து, இதில் என்ன தமாஷ் என்று மலையாளத்தில் கேட்டாள். விளக்கப் பார்த்தேன், வரவில்லை. அவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான். குறவுண்டு என்றால் தேவலை, குழப்பமில்லை என்றால் சரியாகிவிட்டது, அவ்வளவுதான். முள் மீட்டர் போயிற்று, கைச்சுத்து முறுக்கு போயிற்று, லேய் என்ற சத்தம் போயிற்று. அப்பா சித்தப்பாவைக் கேட்டதைப் போல இனி எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தப்பாகக் கேட்கப் போவதில்லை. இன்னொருத்தருக்காகத் தன் பேச்சை மாற்றிக்கொள்ள இங்கே இனி யாரும் இல்லை.